மூன்று விநாடிப் பச்சை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி விளம்பரப் படத்தில் நானும் வருகிறேன். வேலை செய்பவர்கள் எல்லாரையும் கேமரா முன்னால் பேசவைத்தார்கள். எடிட்டிங் என் வேலை. வைத்துக்கொள்ள வேண்டிய துண்டுக்குப் பச்சை, வேண்டாததற்குச் சிவப்பு என்று கம்ப்யூட்டரில் குறிப்பவன் நான்தான். நான் பேசிய துண்டு வந்தபோது மேனேஜர் என் பின்னால் நின்றார். திரையில் நான் சொன்னது இது:

“ரெண்டு வருஷமா லீவு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. அதத் தவிர, இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல.”

“கடைசி மூணு செகண்டு போதும்ப்பா. மத்ததெல்லாம் சிவப்பு போட்டுரு” என்றார் மேனேஜர்.

போட்டேன். வெட்டு தெரியாமலிருக்க, அந்த மூன்று விநாடிக்கு முன்னால் வரவேற்பறையின் பிளாஸ்டிக் செடிப் படத்தை ஒட்டினேன். “பிரமாதம்!” என்று முதுகில் தட்டினார். அந்த முதுகுக்குச் சூடு சொரணை இல்லை, அம்மா.

படம் உன் போனுக்கும் வரும். அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள். நம்ப மட்டும் செய்யாதே.

ஒரே ஓர் உதவி. உன் வாய்ஸ் மெசேஜ்களைத் தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் நீளமாகப் பேசி அனுப்பு. இருமல் வந்தால் ரெக்கார்டிங்கை நிறுத்தாதே; அடங்கியபின் மறுபடி முதலிலிருந்து பேசவும் வேண்டாம். “நல்லா இருக்கேன்டா” என்று நீ தொடங்கும்போதே மூச்சு வாங்குவது கேட்கிறது.

மேனேஜர் கூப்பிடுகிறார். இருமலோடு அனுப்பு. நம் வீட்டில் வெட்டி ஒட்டுவதற்கு நான் ஒருவன் போதும்.

உன் மகன்