நடைச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றித் தருமாறு வேண்டுதல்

அனுப்புநர்:
செல்வி கஜானி சபாரத்தினம்,
கிளென் ஈடன், ஓக்லாந்து, நியூசிலாந்து.

பெறுநர்:
திரு. சில்வெஸ்ரர் அவர்கள்,
செயலாளர், வாடகை வீடுகள் பிரிவு,
தமிழர் வீடமைப்பு நிதியம், ஓக்லாந்து.

விடயம்: வீட்டு ஹீற்றர் இடையிடையே நின்றுபோவதற்கான காரணமும், அதற்கான வேண்டுகோளும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இந்த விடயமாக நான் எழுதுவது முதன்முறை அல்ல. உங்கள் அலுவலகத்தின் பதில்கள் எல்லாவற்றிலும் 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்ற ஒரே வசனம் இருந்தது. கடைசிப் பதிலில், நாங்கள் தெர்மோஸ்டாட்டில் கைவைப்பதாகச் சந்தேகிப்பதால் அதற்குப் பூட்டுப் போடப்படும் என்றும் இருந்தது. பூட்டுடன் ஆள் வருவதற்கு முன் இதை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. என் தந்தை சபாரத்தினம் நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்று இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வீடு திரும்பினார். அறை குளிராமல் பார்த்துக்கொள்ளும்படி வைத்தியர் சொல்லி அனுப்பினார். ஆனால் ஹீற்றர் சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகிறது. சுற்றியுள்ள வெப்பத்தைப் பார்த்து ஹீற்றரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இதமான வெப்பத்தைக் காட்டுகிறது. அப்பாவின் ஜன்னலின் உட்புறம் நீர் வழிகிறது. தொப்பியும் காலுறையும் போட்டுப் படுக்கிறார். அவர் முறையிடுவதில்லை. இருமுகிறார்.

3. தெர்மோஸ்டாட்டின் பற்றரியை மாற்றினேன். வழிகாட்டியில் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் அமைத்தேன். ஹீற்றரின் வடிகட்டியைக் கழுவினேன். சூடான காற்று வரும் துவாரத்தை மறைத்த கட்டிலை நகர்த்தினேன். பயனில்லை. உங்கள் திருத்துநர் திரு. டெஸ்மன் வந்தபோதெல்லாம் ஹீற்றர் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. "பிள்ளை, இது என்னைக் கண்டால்தான் வேலை செய்யுது போல. நான் இஞ்சயே இருக்கட்டோ?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. சென்ற வாரம் திரு. டெஸ்மன் வந்து போன பிறகு நான் வீட்டு நடையிலேயே நின்றேன். காரணம் அப்போதுதான் தெரிந்தது. நடையிலுள்ள போர்வை அலுமாரியைத்தான் நாங்கள் சாமியறையாக வைத்திருக்கிறோம்; இந்த வீட்டில் வேறு இடமில்லை. தெர்மோஸ்டாட் அதன் கதவு நிலையை ஒட்டி, சற்று மேலே இருக்கிறது. வெளியாள் யாராவது சப்பாத்துடன் நடையால் போனால் அம்மா அலுமாரியைச் சாத்திவிடுவார். அந்த ஆள் போனதும் திறப்பார். அன்று திறந்ததும் உள்ளே எரியும் விளக்கின் சூடு வெளியே வந்தது. தெர்மோஸ்டாட்டில் எண் மெதுவாக ஏறியது. ஹீற்றர் நின்றது. ஆகவே கருவியில் பழுதில்லை. தன் பக்கத்தில் இருப்பதை அது சரியாகவே சொல்கிறது. பழுதில்லை என்று திரு. டெஸ்மன் எழுதியதும் சரி. நாங்களும் அதில் கைவைக்கவில்லை.

5. விளக்கை நகர்த்தினால் அல்லது அணைத்தால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து அதை ஏற்றிக்கொள்ள உங்கள் அலுவலகமே அனுமதித்தது. முன்பெல்லாம் மாலையில் மட்டும் எரியும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவருடைய இருமல் முற்றாக நிற்கும்வரை அணையவிடுவதில்லை என்று என் தாய் வசந்தமலர் நேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. அப்பா பலமாக இருமினால் எழுந்து போய்த் திரியைக் கொஞ்சம் தூண்டிவிடுகிறார்.

6. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே விளக்கை எடுத்துவிடுவார். அதன்பிறகு அப்பாவின் ஒவ்வொரு இருமலையும் அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை நினைக்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே, தெர்மோஸ்டாட்டை அப்பாவின் அறையை அடுத்த இருப்பறைச் சுவருக்கு விரைவில் மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அதுவரை, அம்மா குளிக்கப் போகும் வேளைகளில் அலுமாரியைச் சாத்தி வைக்கிறேன். என்னால் இயன்றது அவ்வளவுதான்.

இன்னுமொன்று. தயவுசெய்து இதுபற்றி வீட்டுத் தொலைபேசியில் கதைக்க வேண்டாம். எனக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலைக்குத் திரு. டெஸ்மனையே அனுப்பினால் நல்லது, அவர் சொல்வதை அம்மா நம்புவார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று அம்மா கேட்டால், அந்தச் சுவர் சரியில்லை என்று மட்டும் அவர் சொல்லட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) க. சபாரத்தினம்

இடம்: கிளென் ஈடன்
நாள்: 14 யூலை 2025