தையல் தெரிந்தால் திருப்பு

இன்று காலை ஆறரை மணிக்கு, எல்லாத் தரப்பு நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தேன். தையல் வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாடி காட்டியது. இன்று உங்கள் வருஷத் திதி. உங்கள் மகன் சாப்பிட அழைத்திருந்தான். இந்தப் பனியனோடு வருவதுதான் முறை என்று பட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் புதிய கணக்குப் புத்தகம் வந்தபோது நம் பள்ளியில் கணக்கு வாத்தியார்கள் நாம் இரண்டே பேர். அதிலிருந்த நேரியல் அசமன்பாடுகளை இருவருமே படித்ததில்லை. மாணவர்களுக்கு அரைநாள் முன்னால் படித்துவிடுவது என்று நமக்குள் ஒப்பந்தம், பெரும்பாலும் காப்பாற்றினோம். நான் வேலையில் நிரந்தரமானவன், தெரியாமல் இருக்க எனக்கு உரிமை இருந்தது. உங்களுக்கு அது தகுதிகாண் வருஷம். ஆய்வாளர் வந்து வகுப்பைப் பார்த்துத் திருப்தி என்று எழுதாவிட்டால் வேலை இல்லை. சாமளாபுரத்தில் உங்கள் அண்ணன், உங்கள் திறமை மேல் இருந்த நம்பிக்கையில், ஒரு விசைத்தறிக்கு ஆள் போடாமலே வைத்திருந்தார்.

குறை எண்ணால் வகுத்தால் பெரிது-சிறிது குறி திரும்பும் என்பது மட்டும் பத்தாம் வகுப்பின் தலையில் ஏறவில்லை. "ஊட்ல பனியன் திருப்புறீங்கல்ல கண்ணு? அப்படித்தான்," என்றீர்கள். வகுப்பே தலையாட்டியது. உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்த பனியன்கள் கம்பெனிகளிலிருந்து கட்டுக்கட்டாக வீடுகளுக்கு வரும். திருப்பி அடுக்குவது அந்தப் பிள்ளைகளின் மாலை வேலை. இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று நானும் பாராட்டினேன்.

மறுநாள் 3x < 12 என்ற கணக்கைக் கொடுத்தீர்கள். குறை எண்ணே இல்லாத கணக்கு. அத்தனை பேரும் x > 4 என்று எழுதியிருந்தார்கள். முன்பெஞ்சு வள்ளியாத்தாளைக் கேட்டீர்கள்.

"ஏன் கண்ணு திருப்பினே?"

"திருப்பாமக் குடுத்தா மொதலாளி வாங்க மாட்டாருங்க சார்."

எந்த விடையானாலும் கடைசியில் ஒருமுறை திருப்பித்தான் கொடுத்தார்கள். குறை எண் வந்த கணக்கில் விதிக்காக ஒருமுறை, முதலாளிக்காக இன்னொருமுறை. ஆக, ஒன்றும் சரியில்லை. ஆய்வாளர் வர இரண்டு நாள் இருந்தது. "தறி சும்மாதானுங்க சார் கெடக்குது," என்று சிரித்தீர்கள். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

அடுத்த நாள் பனியனைத் தையல் வெளியே தெரியப் போட்டு, சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். "தையல் தெரிஞ்சாத்தான் திருப்போணும். திருப்புன பனியன மறுக்காத் திருப்பினா மொதலாளி என்ன சொல்லுவாரு?" பிள்ளைகள் சொன்ன பதில் எழுதத்தக்கதல்ல, ஆனால் சரியான பதில். "குறை எண்ணால பெருக்கறதும் வகுக்கறதுந்தான் தையல். அது இல்லீன்னா குறி மேல கைய வெக்காதீங்க."

ஆய்வாளர் கரும்பலகையில் 5x > 20 என்று எழுதி வள்ளியாத்தாளை அழைத்தார். அவள் x > 4 என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றாள். கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்த நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். அவள் சாக்பீஸை வைத்தாள்.

"குறியைத் திருப்ப வேண்டாமா?" என்று ஆய்வாளர் தூண்டில் போட்டார்.

"வேண்டாங்க சார். தையல் தெரியலீங்க."

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் பணிவோடு இரண்டு பொத்தான்களைக் கழற்றி, அன்றும் தையல் தெரியப் போட்டிருந்த பனியனைக் காட்டி விளக்கினீர்கள். கேட்டு முடித்த ஆய்வாளர் தன் சட்டைக் கழுத்துக்குள் ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளியே போனார், வர நேரமாயிற்று. "அவருக்குத் தையல் தெரிஞ்சிருக்குமுங்க," என்று என் காதில் சொன்னீர்கள். நான் இருமித் தப்பித்தேன்.

அறிக்கையில் இரண்டே வரி. பாடம் மாணவர்களுக்கு நன்கு விளங்கியிருக்கிறது. ஆசிரியர்கள் சட்டைப் பொத்தான்களை முழுமையாக அணிய வேண்டும். முதல் வரியால் உங்கள் வேலை நிரந்தரமாயிற்று. தறிக்கு அண்ணன் வேறு ஆள் போட்டார். இரண்டாம் வரியைத் தலைமையாசிரியர் சுற்றறிக்கையாக்கி, ஆண்டுதோறும் நம் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

கழுத்துவரை பொத்தான் போடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இன்று உங்கள் படத்துக்கு முன்னால் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லையென்று நினைத்து, இரண்டு பொத்தான்களைத் திறந்து காட்டினேன். உங்கள் மருமகள் வந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.