ஐந்து சென்டிமீட்டர் பொய்

ஜூன் 11, செவ்வாய்

கணக்குத் தேர்வில் நாற்பத்தொன்பது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மாடி வகுப்புக்கு ஏறும்போது நான் பாதியில் உட்கார்ந்துவிட்டதை ஆசிரியை போனில் சொல்லிவிட்டார். இனி மார்க்கை யார் கேட்கப்போகிறார்கள்? நாளை மறுநாள் மருத்துவமனை. தங்கை பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தைரியசாலி என்று பேர் வாங்கியவள் நான். பேரைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 13, வியாழன்

மூன்று வயதில் நெஞ்சைத் திறந்து வைத்த வால்வு தேய்ந்துவிட்டதாம். போன ரத்தம் பாதி திரும்பி வருகிறது. புதிது வைக்க வேண்டும். இந்த முறை நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றார் டாக்டர். தொடையில் சின்னத் துளை, அதில் ஒரு நீளக் குழாய், குழாய் நுனியில் மடித்து வைத்த வால்வு. இதயத்துக்குப் போய் விரியும். குடை மாதிரியா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் காற்றடித்தால் திரும்பிக்கொள்ளாத குடை என்றார். டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து அம்மாவிடம் சொன்னதுதான் பிடிக்கவில்லை. குழாயை வெளியே அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்ட் உண்டு. பெரியவர்களுக்காகச் செய்தது. நூற்று நாற்பது சென்டிமீட்டராவது உயரம் வேண்டும். குறைந்தால் மறுபடி நெஞ்சைத் திறப்பதுதான் வழி.

நர்ஸ் உயரம் கேட்டார். அம்மா பள்ளி உடல்நல அட்டையை நீட்டினாள். 141. அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் 136.

ஜூன் 14, வெள்ளி

பள்ளியில் உயரம் அளக்கும்போது எக்கி நின்றேன். சீருடை நீளம், குதிகால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் அளந்தது தங்கையை. பத்து வயசு, 139. பின்னே நான் என்ன செய்ய?

ஜூன் 17, திங்கள்

ஸ்டாண்டைப் பார்த்தேன். அதைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்குப் 'பிடி அக்கா' என்று பேர். முன்பு குழாயை அவர்தான் கையால் பிடித்துக்கொண்டு நிற்பாராம், நாற்பது நிமிஷம். தும்மல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். மூக்கிடம் கெஞ்சுவேன் என்றார். இப்போது அந்த வேலையை ஸ்டாண்ட் செய்கிறது. கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு இரும்புப் பலகை, அதிலிருந்து எழும்பும் ஒரு கை, அதன் முனையில் கவ்வி.

கண்ணாடி மாதிரி ஒரு பொம்மை இதயத்தில் குழாயை விட்டுக் காட்டினார். வெளியே குமிழைத் திருப்பினால் உள்ளே நுனி சமர்த்தாகத் திரும்பியது. பிறகு குழாயைக் கொஞ்சம் தொங்கவிட்டார். குமிழைத் திருப்பினார். நுனி அசையவில்லை. இன்னும் திருப்பினார். திடீரென்று விக்கல் எடுத்த மாதிரி குதித்து, சுவரில் போய் இடித்தது.

"எப்பக்கா தொங்கும்?"

"ஆளு குட்டையா இருந்தா. குழாய் எல்லாருக்கும் ஒரே நீளம்தானே குட்டி? மிச்சம் வெளியில தொங்கும்."

எவ்வளவு தொங்கினால் குதிக்கும் என்று கேட்டேன். மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து என் மூன்று விரலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஜூன் 18, செவ்வாய்

சொன்னா நெஞ்சைத் திறப்பாங்க. சொல்லலேன்னா — உள்ள குதிச்சா? அது பொம்மை இல்லையே, நான்ல. மூணு வயசு வலி ஞாபகம் இல்ல. ஆனா தழும்பைத் தொட்டா ஞாபகம் இருக்குற மாதிரியே இருக்கு. யாராவது தானா கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? ஒரு டேப் கூடவா இல்ல அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில?

சரி. நாளைக்குச் சொல்கிறேன். சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஜூன் 19, புதன்

சொல்லிவிட்டேன். அம்மா "அடிப்பாவி" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்து எழுதியது எங்க தப்பு என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, பிடி அக்காவைக் கூப்பிட்டார்.

மேஜையில் படுக்கவைத்துத் தொடையிலிருந்து பாதம் வரை அளந்தார்கள். பலகையைக் கால்மாட்டிலிருந்து மேலே தள்ளினால் ஸ்டாண்டின் கை என் முழங்காலில் இடித்தது. தள்ளாவிட்டால் குழாய் தொங்கியது. என் பக்கத்தில் பொம்மை இதயத்தை வைத்து, அதில் குழாயை விட்டுத் திருப்பியபோது நுனி குதித்ததை நானே பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

பிடி அக்கா என்னைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பலகையை உருவி, பக்கவாட்டில் குறுக்கே செருகினார். பெரியவர்களுக்கு அப்படி வைத்தால் கை எட்டாதாம். எனக்குச் சரியாகத் தொடைக்கு நேரே வந்து நின்றது.

"குட்டைன்னு மட்டும் எழுதிட்டாங்க டாக்டர். ஒல்லின்னு யாருமே எழுதல."

குமிழை முப்பது தடவை திருப்பிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, "ஒரு தடவை குதிச்சாலும் நெஞ்சைத் திறக்கறதுதான். சரியாம்மா?" என்றார். சரி என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பதினேழில் அம்மா வெளியே போய்விட்டாள். முப்பது வந்தது. குதிக்கவில்லை. இன்னும் பத்து எண்ணு, இது என் திருப்திக்கு என்றார் டாக்டர். நாற்பது வரை எண்ணினேன்.

ஜூன் 20, வியாழன்

நாளை காலை ஏழு மணி. நகப்பூச்சை அழித்தாயிற்று. பயமும் இருக்கிறது, தூக்கமும் வருகிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஓடலாம் என்று டாக்டர் நேற்று சொன்னார். இன்று தங்கையின் நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி, தெருமுனை வரை துரத்தினாள். முனையில் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"நில்லுக்கா, மூச்சு வாங்குது."

நான் நிற்கவில்லை.