பதினைந்தைத் தாண்டாத கால்

மாமு,

நேற்று என் தங்கை வீட்டில் புதுக் கார் எடுத்தார்கள். சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் அந்தப் புது வண்டி வாசனை குப்பென்று வந்தது. "ஏறுண்ணா, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். தலைவலி என்று புளுகிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பதினோரு வருடம் அந்த வாசனையில்தானே நீயும் நானும் பிழைத்தோம்! எண்ணூர் துறைமுகத்தில் புதுக் கார்களை ஓட்டிப்போய்க் கப்பலில் ஏற்றும் வேலை. பெல்ட், மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது. வண்டியில் கீறல் விழுந்துவிடுமாம். வேகம் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது. அத்தனை கார் ஓட்டியும் நம் இருவருக்கும் ரோட்டில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஒருமுறை கப்பலில் வந்த ஜப்பான் அதிகாரியிடம், அவர்களுடைய நகோயா துறைமுகம் எப்படி இருக்கும் என்று சைகையிலேயே கேட்டாய். அவர் போனில் படம் காட்டினார். புகைபோக்கிகள், கிரேன்கள், வரிசை வரிசையாகக் கார்கள். "அட, நம்ம எண்ணூருதான் மாமு! குளிச்சிட்டு வந்து நிக்கிது" என்றாய். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்தார். அதன்பிறகு கொஞ்ச நாள் நகோயா பைத்தியம் பிடித்துத் திரிந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உனக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரை எடுத்தேன். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். என் கால் பதினைந்துக்கு மேல் அழுத்த மறுத்தது. அழுத்தப் பார்த்தேன் மாமு, சத்தியமாகப் பார்த்தேன்.

"இன்னா மாமு, கப்பல்லயா ஏத்திகினு கீற? மிதிடா" என்றாய்.

கிண்டல் செய்கிறாயே, வலி குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள் நான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நீ பேசவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். உன் மனைவி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

நீ போனபின் அவள் வீட்டோடு துக்கம் காத்த இத்தா நாட்கள் முடிந்ததும் என்னை வீட்டுக்கு அழைத்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா அவரு நடுரோட்லயே பூட்டிருப்பாரு அண்ணே. ஆஸ்பத்திரி வரிக்குமாவது கொண்ணாந்து சேத்தீங்களே" என்று அழுதாள். டாக்டர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், தண்ணீர் மட்டும் கேட்டேன்.

இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து மறக்காமல் பிரியாணி கொடுத்தனுப்புகிறாள். நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன்.