ஈரக் காலுறை நாற்றம்

என் வீட்டம்மாவுக்கு அன்புடன்,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபம்தான் மட்டுப்படவில்லை.

இந்த விமான நிறுவனத்தில் ஊழியர்களின் அறிக்கைகளுக்குப் பிழை திருத்துகிறேன் அல்லவா? நேற்று ஒரு விமானப் பணிப்பெண் எழுதியிருந்தாள்: விமானம் மேலேறும்போது உள்ளே ஈரக் காலுறை போல நாற்றம், தலைசுற்றல், கை நடுக்கம். உள்ளே வரும் காற்று இன்ஜின் வழியாகத்தான் வருகிறதாம்; அதில் எண்ணெய்ப் புகை கலந்தால் அப்படித்தான் நாறுமாம். தரையில், இன்ஜினை அணைத்துவிட்டுச் சோதித்த மெக்கானிக், "ஒண்ணுமே இல்லையே" என்றார். பள்ளி விட்ட பிறகு வந்து, வகுப்பில் சத்தமே இல்லை என்பதுபோல!

மேலாளர் என்னிடம், "சார், 'லேசான வாடை'ன்னு மாத்திடுங்க, நடுக்கத்தை எடுத்துடுங்க" என்றார்.

பக்கத்திலேயே நின்றிருந்த அந்தப் பெண், "அதை எடுத்துட்டா டாக்டர் என்னை எப்படி சார் நம்புவாரு?" என்று கையை நீட்டினாள். விரல்கள் இன்னும் நடுங்கின.

நாற்பது வருடம் தப்பைச் சரியாக்கியவன். சரியைத் தப்பாக்க எனக்கு வரவில்லை. ஒரே ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி, அறிக்கையை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

பயப்படாதே. சட்டையில் இரண்டு பொத்தான் போய்விட்டது. ஊசியில் நூல் கோத்துத் தர இங்கே ஆளில்லை. சிவப்புப் பேனாவுக்கு ரீஃபில் அனுப்பு. வேண்டாம், பொறு. மேலாளர் நாளை வரச் சொல்லியிருக்கிறார். நானே ஊருக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆகலாம்.

அவசரத்தில்,
உன் வாத்தியார்