மூங்கில் துணியும் இரண்டு விரலும்

மார்ச் 3, செவ்வாய்

உருண்டையின் தொடையிடுக்கில் மறுபடியும் செக்கச்செவேலென்று தடிப்பு. உருண்டை என்று நாங்கள் கூப்பிடும் ஐந்து மாதக் குழந்தை, துடைக்கத் துடைக்க வீறிட்டு அழுகிறாள். கடை டயப்பரில் மூன்று வகை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. டாக்டரம்மா இன்று சொன்னார்: "காத்துப் படட்டும், ஈரம் தங்க விடாதீங்க. துணி கட்டித்தான் பாருங்களேன்."

துணி என்றதும் என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"யாரு துவைக்கிறதாம்?"

"நான்தான்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன் நான். ஊரார் வீட்டு அழுக்கையெல்லாம் கைவிட்டு அள்ளியவன், சொந்தப் பெண்ணின் நாப்பியைத் துவைக்க மாட்டேனா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

எங்கள் பட்டறைக்கு வியாழன்தான் வார விடுமுறை. குழந்தைச் சாமான் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். விற்பனைப் பெண் மூன்று வகை எடுத்துப் போட்டாள். பருத்தி நல்லதுதான், ஆனால் ரொம்பத் தடிமன். கட்டினால் உருண்டை தவளை மாதிரி காலை அகட்டிக்கொண்டு கிடப்பாள். அடுத்தது மைக்ரோஃபைபர். அதைக் கொண்டு நான் தினமும் மெஷின் மூடி துடைக்கிறேன், பிள்ளைக்குக் கட்ட மனசு வரவில்லை. கடைசியில் மூங்கில் நாரில் நெய்த துணி. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வைத்த கன்னத்திலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

வெளியே பட்டன் வைத்த மேலுறை, அதற்குள் செருக மூங்கில் துணிப் பட்டை. நனைந்தால் உருவித் துவைத்து மறுபடி செருகலாம்.

"அண்ணே, கட்டுறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ துவைச்சிடுங்க, அப்பத்தான் நல்லா உறிஞ்சும். காயவும் நேரமாகும், அவசரப்படக் கூடாது" என்றாள்.

"எனக்கேவா?" என்றேன். என் தொழிலைச் சொல்லிக் கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்தேன். பன்னிரண்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பட்டறையில் முதலாளி: "மூங்கில்ல கூடை பாத்திருக்கேன், ஏணி பாத்திருக்கேன். நீ நாப்பி கட்டுறியா? பொண்ணு பரண்ல ஏறப் போறாளா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

மனைவியின் அக்கா வந்திருந்தார். நான் மனசுக்குள் 'ஜட்ஜ் அக்கா' என்றுதான் சொல்வது. நாற்காலியில் உட்காரும்போதே தீர்ப்போடு உட்காருவார்.

ஏப்ரல் முதல் தேதி மனைவி வேலைக்குத் திரும்புகிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடம், காலை ஏழு முதல் இரண்டு வரை. அதுவரை நான் உருண்டையைப் பார்த்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் பட்டறைக்குப் போவதாக முதலாளியிடம் பேசி முடித்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் இது முடிந்த விஷயம். ஜட்ஜ் அக்காவுக்கு இல்லை.

"ஆம்பளை தனியா ஏழு மணி நேரம் பாத்துக்குவாரா? இதுல துணி நாப்பி வேற! பேசாம காலையில எங்கிட்ட கொண்டுவந்து விட்டுடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்க்கா."

பாக்கலாமா? அப்படியென்றால் பரீட்சை. பாஸானால் உருண்டை காலையெல்லாம் என்னோடு. இல்லையென்றால் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவள் குப்புறப் புரளப் போவது, உட்காரப் போவது எல்லாவற்றையும் யாரோ சொல்லி நான் கேட்க வேண்டும்.

போகும்போது அக்கா இரண்டு பொருள் கொடுத்தார். ஒன்று கடை டயப்பர் பொட்டலம், "அவசரத்துக்கு". அது பீரோ மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று துணி அலசும்போது ஊற்றுகிற சாஃப்ட்னர், ரோஸ் நிறத்தில் பெரிய பாட்டில். "பிள்ளைக்கு மெத்துனு இருக்கும்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

மூங்கில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது! ஐந்து தடவை துவைத்து, பால்கனிக் கொடியில் காயப்போட்டு, திங்கள் முதல் கட்டுகிறோம். தடிப்பு பாதி அடங்கிவிட்டது. உருண்டை காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் கட்டும்போது கூடுதலாகச் சிரிக்கிறாள் என்று எனக்கொரு எண்ணம்.

மனைவிக்கு மட்டும் ஒரு பழக்கம். நான் கட்டி முடித்துக் கையில் கொடுத்ததும் இரண்டு விரலை நாப்பியின் தொடைப்பட்டிக்குள் விட்டுப் பார்ப்பாள். ஈரமா, கசிகிறதா. ஒரு தடவை விடாமல். நான் ரிப்பேர் செய்த மெஷினை வாடிக்கையாளர் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் "பாத்தா என்னவாம்?" என்பாள்.

மார்ச் 13, வெள்ளி

பட்டைகள் காய்ந்ததும் கொஞ்சம் விறைப்பு. அந்த ரோஸ் பாட்டிலில் மூடி நிறைய ஊற்றி அலசினேன். அடடா, என்ன மெத்து, என்ன வாசனை! இனி தினமும் இதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் கசிவு. சட்டை, விரிப்பு, என் மடி எல்லாம். ஏதோ கட்டியது சரியில்லை போல.

மார்ச் 17, செவ்வாய்

கசிவு. அதுவும் யார் மடியில்? ஜட்ஜ் அக்கா மடியில்! புது உடுப்பு வேறு. ஊரில் அத்தனை மடி இருக்க உருண்டைக்கு இதுதானா கிடைத்தது?

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து நின்று, "ம்" என்றார். திட்டியிருக்கலாம்.

நேற்று மூன்று தடவை, இன்று நான்கு. பட்டனை இறுக்கிப் பார்த்தேன், இரட்டைப் பட்டை வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் அவ்வளவு நன்றாக உறிஞ்சிய துணிக்கு என்ன வந்தது? மூங்கிலே இப்படித்தானா? இல்லை, எனக்குத்தான் கை வரவில்லையா?

மார்ச் 19, வியாழன்

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மனைவி ஏதோ படிவம் கொடுக்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். இரண்டு மணி நேரம் உருண்டையும் நானும் மட்டும். இரண்டு தடவை கசிந்தது. விரிப்பை அவசரமாக அலசி, பிள்ளைக்கு உடை மாற்றி, பீரோ மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடை டயப்பரைக் கட்டினேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றி மூங்கிலை மாட்டினேன்.

"எப்படி இருந்தா?"

"ஜம்முனு இருந்தா. ஒண்ணும் கசியல."

இரண்டு விரல் போயிற்று, ஈரமில்லை. அப்புறம் பால்கனிக்குப் போனாள். கொடியில் விரிப்பு சொட்டச் சொட்டத் தொங்கியது. பன்னிரண்டு வருஷ மெக்கானிக், அதை மெஷினில் போட்டுப் பிழியக்கூடத் தோணல பாரு!

கோபம் வந்தால் இவள் கத்த மாட்டாள். 'நீங்க' இன்னும் மரியாதையாகிவிடும்.

"கசிஞ்சா கசியட்டுங்க. குழந்தைன்னா கசியத்தான் செய்யும். நான் வேலைக்குப் போயி, அங்க ஊசியும் கையுமா நின்னுக்கிட்டு, ஃபோன்ல கேப்பேன். நீங்க 'எல்லாம் நல்லாயிருக்கு'ம்பீங்க. அத நான் நம்பணுமா வேண்டாமா?"

நான் ஏன் அப்படிச் செய்தேன்? பயம்தான். பிள்ளையை என்கிட்டேருந்து எடுத்துருவாங்கன்னு பயம். அதை நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மார்ச் 20, வெள்ளி

"டீ மேசையில இருக்கு." இன்று அவள் என்னிடம் பேசியது மொத்தமும் இவ்வளவுதான்.

மார்ச் 21, சனி

ஒரு தங்கும் விடுதியில் பெரிய மெஷின் ரிப்பேர் என்று அழைத்தார்கள். மேலாளர் படபடத்தார்: "ஒழுங்காவே துவைக்க மாட்டேங்குது சார். துண்டெல்லாம் வழவழன்னு இருக்கு, துடைச்சா தண்ணியே போகல. தங்க வர்றவங்க சண்டைக்கு வர்றாங்க."

பம்ப்பைப் பார்த்தேன், சுத்தம். வடிகுழாயும் சுத்தம். துண்டை முகர்ந்து பார்த்தேன். கமகமவென்று வாசனை.

"சாஃப்ட்னர் ஊத்துறீங்களா?"

"ஆமா, தாராளமா."

வாய் தானாகப் பேசியது. எத்தனை வீட்டில் சொன்ன பாட்டு! "மெஷின் மேல தப்பே இல்ல சார். இது நூல் மேல மெழுகு மாதிரி படிஞ்சிடும். தொட்டா மெத்துனு இருக்கும், ஆனா தண்ணிய உள்ள விடாது. துண்டுக்கு இதப் போடவே…"

அப்படியே நின்றுவிட்டேன். மேலாளர் "சார்? சார்?" என்கிறார்.

முதலில் வந்தது என்ன நினைப்பு தெரியுமா? ஜட்ஜ் அக்கா மாட்டிக்கொண்டார்! பாட்டில் அவருடையதுதானே? வீட்டுக்கு வண்டி ஓட்டி வருகிற வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது புத்தி வந்தது. பாட்டில் அவருடையது, ஊற்றிய கை என்னுடையது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கடைப் பெண்ணிடம் "எனக்கேவா" என்று கேட்ட வாய் இது.

மனைவியைக் கூப்பிட்டு, காய்ந்த பட்டையை மேசையில் விரித்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். உள்ளே இறங்காமல் குண்டுமணி மாதிரி உருண்டு ஓடியது.

"நான்தான் கெடுத்தேன். சாஃப்ட்னர் ஊத்தினேன். தினமும் நாலு பேருக்கு ஊத்தாதீங்கன்னு சொல்ற ஆளு நான்."

ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்தாள். அப்புறம் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அன்னிக்கு அந்த டயப்பர்?" என்றாள்.

"நீ வர்ற சத்தம் கேட்டுக் கழட்டுனேன்."

"தெரியும். குப்பைக்கூடையில பாத்தேன்."

அடிப்பாவி. இரண்டு நாளாக நான் சொல்வேனா என்று காத்திருந்திருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

பட்டைகளுக்கு மட்டும் சோப்பு இல்லாமல் வெந்நீரில் நான்கு சுற்று. மேலுறைக்கு அவ்வளவு சூடு ஆகாது, தனியாக அலசினேன். நான்காவது சுற்றுக்கு அப்புறம் ஸ்பூன் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று குடித்துவிட்டது. துணி தண்ணீர் குடிப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை உலகம் கண்டிருக்காது.

மார்ச் 27, வெள்ளி

ஐந்து நாளில் ஒரே ஒரு கசிவு. அதை நானே முந்திக்கொண்டு சொன்னேன். தடிப்பு சுத்தமாகப் போய்விட்டது. பாட்டிலைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன், முதலாளி சட்டை மணக்கட்டும். ஜட்ஜ் அக்காவிடம் பாட்டில் கதையை நானே சொன்னேன், என் கையோடு சேர்த்து. "ம்" என்றார். இந்த 'ம்' வேறு மாதிரி இருந்தது. ஆனாலும் தீர்ப்பு ஒத்திவைப்புதான்.

மார்ச் 31, செவ்வாய்

அவள் நாளைக்கு உடுத்துவதை எடுத்து வைத்துவிட்டாள். அக்கா வீட்டுக்கு என்று உருண்டைக்குப் பை எதுவும் கட்டி வைக்கவில்லை. அப்படியென்றால்? கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

ஆறரைக்குக் கிளம்பினாள். வாசலில் உருண்டையை என் கையில் கொடுத்து, "பால் கலக்குறப்ப சூடு பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். கதவு சாத்தியதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உருண்டை கொட்டாவி விட்டாள்.

பத்து மணிக்கு ஃபோன்.

"எல்லாம் நல்லாயிருக்கா?"

"இல்ல. ஒரு பட்டன் சரியாப் போடாம விட்டுட்டேன். கசிஞ்சு என் சட்டை, விரிப்பு, தலையணை எல்லாம் போச்சு. ஒரு பாடு அழுதா. இப்ப குளிச்சுட்டு மல்லாந்து கெடக்கா."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம். போச்சு, அக்கா வீடுதான் என்று நினைத்தேன்.

"சரி, வைக்கிறேன். ஆள் காத்திருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

இரண்டரைக்கு வந்தாள். கை கழுவிவிட்டு உருண்டையை வாங்கிக்கொண்டாள். நான் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சந்தலையை முகர்ந்தாள், தோளில் சாய்த்துக்கொண்டாள், சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினாள். விரல்கள் குழந்தையின் முதுகிலேயே இருந்தன.

"டீ இருக்கா?" என்றாள்.