பேரல்லி ஏரியின் மடை திறவாமைக்குக் காரணம் கூறும் ஓலை

நன்மை பெருகுக. மூவேரி நாட்டுக்கு முடியும் அம்முடிக்கு நிழலுமாகிய கண்டீரக் கோமகனார் திருவடிகளுக்கு ஓலைத்தூதன் நக்கன் அரியான் தலைதாழ்த்தி எழுதுவது. தங்கள் குளங்கள் வற்றாதிருக்க. தங்கள் மடைப்பள்ளியில் நெய் குறையாதிருக்க.

இந்நிலவுலகில் பறவை பார்த்துப் பொழுது போக்கும் பேதைமை தீண்டாத ஒரே ஆண்மகன் அடியேன் என்பதை முதற்கண் அறிவிக்கிறேன். வறுத்த காடையைத் தவிர வேறெந்தப் புள்ளையும் அடியேன் இருமுறை நோக்கியதில்லை. அதனாலன்றோ, பேரல்லி ஏரியில் எஞ்சிய நீரைத் தெப்பத் திருநாளுக்காக அரண்மனைக் குளத்துக்குத் திறந்துவிடும் பணியை என்னிடம் ஒப்புவித்தீர்கள்.

முதுவேனிலின் கடைசி நாள்கள். கிழக்கு வெளுக்குமுன் கரை சேர்ந்தபோது, ஊரார் பதினொருவர் சேற்றோரம் குப்புறக் கிடந்தனர். போரில் மாண்டவரோ என ஐயுற்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். தூதர்க்குரிய முறைப்படி சங்கு ஊதுவித்தேன். ஏரியே எழுந்து பறந்தது.

ஏரிக்காவல் பூண்ட மருதியார் எழுந்து வந்து, ஊதி முடித்தாயிற்றா, மனம் குளிர்ந்ததா என வினவினார். நீர் வடிந்தால் ஏரி நடுவே கூடுகள் தாங்கி நிற்கும் கடம்பமரத்தடி காய்ந்துவிடும், நரி நடந்தே வந்து, தவறி விழும் கூழைக்கடாக் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்றார். அரச ஆணையைக் காட்டினேன். இதை நரி படிக்குமா என்றார். மேலும், மடை திறக்க வருபவர் ஒரு விடியல் முழுதும் ஓசையின்றிக் கிடந்து கூடுகளைப் பார்க்க வேண்டும், ஓசை செய்தால் மறுநாளும் கிடக்க வேண்டும் என்று தங்கள் பாட்டனார் வெட்டுவித்த கல்லையும் காட்டினார். கல்லோடு வழக்காட இயலுமா? மறுநாள் கிடந்தேன்.

நீர் எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கிற்று என்று தெரியவில்லை. விடியல் மங்கலில் கூழைக்கடாக்கள், முகம் கழுவ இறங்கிய மேகங்களைப் போல மிதந்து வந்தன. ஒரு கூட்டில் தாய் அலகைத் திறக்க, குஞ்சொன்று தலையைத் தோள்வரை உள்ளே விட்டு, நெடுநேரம் அங்கேயே இருந்தது. அடியேனும் எங்கேயோ இருந்தேன். வெயில் முதுகில் ஏறியபின் மருதியார் வந்து, போதும் எழும் என்றார். இன்னும் சற்று என்று சொல்லிவிட்டேன். பேசியது பேசியதுதானே, அடுத்த நாளும் கிடந்தேன். அன்று தும்மினேன். நேற்றோ, தும்மாமலே தும்மியதாக ஒப்புக்கொண்டேன்.

ஆகவே மடை இன்னும் திறக்கப்படவில்லை. ஏழு குஞ்சுகளில் ஐந்து இன்னும் பறக்கவில்லை. அவற்றுள் ஒன்று மட்டும் இன்று காலை கிளைநுனிவரை வந்து, கீழே பார்த்து, திரும்பிப் போயிற்று. அவை பறக்கும் வரை, அல்லது மழை இறங்கும் வரை, தெப்பத் திருநாளைத் தள்ளி வைத்தருள்க. வேறு தூதரை ஏவுவதானால், அவருக்கும் சேற்றில் இடமுண்டு.

இவ்வண்ணம் நக்கன் அரியான் எழுத்து. அரக்கிட்டு முத்திரை பதித்தது. மறுவோலை கொணர்வோர் குதிரையைப் பனந்தோப்பிலேயே கட்டுக. செருப்பின்றிக் கரையேறுக. ஓலையை என் முதுகின்மேல் வைத்துவிட்டுச் செல்க. திரும்பிப் பார்க்க மாட்டேன்.